ஆன்லைன்ல வரலாறு நடத்தப் போறீங்களா, நான் பட்டதை கொஞ்சம் கேட்டுட்டு போங்க

போன வருஷம் ஆடி மாசம் ஒரு யுனிவர்சிட்டியோட ஆன்லைன் பி.ஏ. வரலாறு படிப்புக்கு தமிழ்நாட்டு சமூக, பண்பாட்டு வரலாறு பேப்பர் நடத்த என்னை கான்ட்ராக்ட்ல கூப்பிட்டாங்க. பன்னெண்டு வருஷமா காலேஜ்ல கெஸ்ட் லெக்சரரா இருக்கேன், கிளாஸ்ல பசங்கள உக்கார வச்சு கேக்க வைக்க எனக்கு தெரியும்ங்கிற தைரியம் இருந்துச்சு. ஸ்டூடண்ட்ஸ் 137 பேர். வாரத்துக்கு ரெண்டு லைவ் கிளாஸ், 14 வாரம், மணிக்கு 750 ரூபாய். அப்புறம் "வீடியோ பாடம் தயார் பண்ணி போர்ட்டல்ல ஏத்தணும்"னு ஒரு வரி. அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய வேலைன்னு அப்ப எனக்கு சொல்ல ஆளில்ல, நானும் யார்கிட்டயும் கேக்கல. இத எழுதுறதே அதுக்காகத்தான், இந்த வருஷம் புதுசா ஆன்லைன்ல தமிழோ வரலாறோ தத்துவமோ நடத்தப் போற யாராவது ஒருத்தர் படிச்சா போதும்.

முதல்ல காசு கதைய சொல்லிடறேன். நல்ல வீடியோன்னா நல்ல கேமரா வேணும்னு நெனச்சு செகண்ட் ஹேண்ட்ல ஒரு கேமரா 31,000, மைக் 4,200, லைட்டும் பின்னாடி மாட்ட பச்சை துணியும் சேத்து 2,800. எடிட் பண்ண ஒரு தம்பிய புடிச்சேன், வீடியோவுக்கு 1,500 கேட்டான், அவன் உழைப்புக்கு அது நியாயமான காசுதான். 22 வீடியோ, 33,000. மொத்தம் 71,000 ரூபாய். ரெண்டு வளையல அடகு வச்சுதான் இத செஞ்சேன், வீட்ல பாதி கணக்குதான் சொன்னேன். ஒவ்வொரு வீடியோவும் ஐம்பது நிமிஷம் பக்கம். நோட்ஸ் எழுதி, ஸ்லைடு போட்டு, ரெக்கார்ட் பண்ணி, தப்பு வந்து திரும்ப பண்ணின்னு ஒண்ணுக்கு பன்னெண்டு மணி நேரம் ஆகும். செமஸ்டர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே 22ம் முடிச்சுட்டேன், அதுல ஒரு பெருமை வேற இருந்துச்சு. நான் செஞ்ச முதல் பெரிய தப்பு அதுதான். கேக்கப்போறவங்க யாருன்னே தெரியாம, ஒருத்தர்கிட்ட கூட பேசாம, 260 மணி நேரத்துக்கு மேல உழைச்சுட்டேன். நீங்க தயவுசெஞ்சு ரெண்டு வாரத்துக்கு வேண்டியத மட்டும் முன்னாடி பண்ணி வைங்க, மீதிய பசங்கள பாத்துட்டு பண்ணுங்க.

லைவ் கிளாஸ் செவ்வாய், வியாழன் காலைல பத்து மணி. முதல் நாள் 90 பேர் வந்தாங்க. அட்டண்டன்ஸ் பேர் கூப்பிட்டே பதினஞ்சு நிமிஷம் போச்சு. எல்லார் கேமராவும் ஆஃப், ஸ்கிரீன் பூரா வெறும் எழுத்து வட்டம். நான் பேசறேன், பேசறேன், கேள்வி கேக்கறேன், பதில் இல்ல. "கேக்குதாப்பா?"ன்னா சாட்ல "எஸ் மேம்"னு பத்து வரி வரும், அவ்வளவுதான். மூணாவது வாரம் 40, அஞ்சாவது வாரம் 11 பேர். அந்த பதினொண்ணுலயும் ஒரு பையன் மைக்க ஆஃப் பண்ண மறந்துட்டான், பஸ் கண்டக்டர் "உள்ள போ, உள்ள போ"ன்னு கத்தறது கிளாஸ் முழுக்க கேட்டுச்சு. எனக்கு அவன் மேல கோவம் வரல, தொண்டை அடைச்சுக்கிச்சு. அந்தப் புள்ள பஸ்ல நின்னுக்கிட்டே பிரசன்ட் சொல்லிட்டு போயிட்டிருக்கு, நான் இங்க பல்லவர் காலத்து நில தானத்த பத்தி பேசிட்டிருக்கேன், எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எதுவுமே நடக்கல.

அன்னிக்கு ராத்திரி வீடியோ எல்லாம் எவ்வளவு பேர் பாத்திருக்காங்கன்னு முதல் தடவையா தொறந்து பாத்தேன். யூடியூப்ல அன்லிஸ்டடா, அதாவது லிங்க் இருக்கறவங்க மட்டும் பாக்கற மாதிரி ஏத்தித்தான் போர்ட்டல்ல லிங்க் குடுத்திருந்தேன், அதனால எத்தனை நிமிஷம் பாத்தாங்கங்கிற கோடு வரைக்கும் தெரியும். சோழர் நிர்வாகம் வீடியோ, நான் ரொம்ப உசுர குடுத்து பண்ணது, 52 நிமிஷம். பாத்தது 41 பேர். சராசரியா பாத்த நேரம் 3 நிமிஷம் 40 செகண்ட். அந்த கோடு மலையிலருந்து விழுற மாதிரி முதல் ரெண்டு நிமிஷத்துலயே கீழ வந்துருச்சு, என்னோட வணக்கம், பாடத்தலைப்பு, பாடத்தோட நோக்கங்கள் எல்லாம் சொல்லி முடிக்கற இடம் அது. மொட்டை மாடிக்கு போய் அழுதேன். காசு போனது ஒரு பக்கம், நமக்கு பாடம் நடத்தவே தெரியலயோன்னு வந்துச்சு பாருங்க, அதுதான் தாங்க முடியல. ரெண்டு மூணு நாள் யார்கிட்டயும் சரியா பேசல.

அப்புறம் ஒரு காரியம் செஞ்சேன், அத முதல் வாரமே செஞ்சிருக்கணும். லிஸ்ட்ட எடுத்து ஒவ்வொருத்தரா போன் போட்டேன், ஒரு வாரத்துல இருபத்தஞ்சு பேர்கிட்ட பேசிட்டேன். ஏன் வரலன்னு கேக்கல. "எந்த நேரத்துல படிப்பீங்க, எதுல படிப்பீங்க, வீட்ல யார் யார் இருக்காங்க"ன்னு மட்டும் கேட்டேன். திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கற பொண்ணு, ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வருது. தர்மபுரி பக்கத்து பொண்ணு ஒண்ணு, போனே அண்ணனோடது, அவர் வேலைக்கு போயிட்டா போனும் போயிரும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, அதுல தம்பியும் தங்கச்சியும் பங்கு, என்னோட ஒரு வீடியோ நல்லா தெரியற மாதிரி பாத்தா அரை ஜிபி கிட்ட போயிரும். கேமரா ஏன் ஆன் பண்றதில்லன்னு ஒரு பையன் ரொம்ப நேரம் தயங்கி சொன்னான், "ஒரே ரூம் மேம், பின்னாடி அப்பா படுத்திருப்பாரு, உடம்பு சரியில்ல." அதுக்கு அப்புறம் நான் எந்த கிளாஸ்லயும் கேமராவ ஆன் பண்ணுங்கன்னு சொன்னதில்ல. நீங்களும் சொல்லாதீங்க. முகம் தெரியணுங்கறது நம்ம தேவை, அவங்க கூச்சம் அவங்களுக்கு நிஜம்.

அந்த போன் கால்ல ஒரு பொண்ணு சொன்னதுதான் எல்லாத்தையும் மாத்துச்சு. மரியாதையா, பயந்து பயந்து சொல்லுச்சு, "மேம் தப்பா நெனக்காதீங்க, நீங்க சொல்றதெல்லாம் புக்லயே இருக்கு மேம், அப்ப நாங்க எதுக்கு கேக்கணும்?" எனக்கு பதில் சொல்ல முடியல. யோசிச்சு பாத்தா அது உண்மை. நேர்ல கிளாஸ் எடுக்கும்போது புக்ல இருக்கறதத்தான் சொல்லுவோம், ஆனா அங்க நம்ம கண்ணு, குரல், நடுவுல ஒருத்தன எழுப்பி கேள்வி கேக்கறது, பக்கத்துல இருக்கறவன் கிசுகிசுக்கறது எல்லாம் சேந்து பாடத்த இழுத்துட்டு போயிரும். ஆன்லைன்ல அதெல்லாம் கழண்டு போயி வெறும் புத்தகம்தான் மிஞ்சுது. சயின்ஸ்காரங்களுக்கு கணக்கு போடறதோ ப்ரோக்ராம் எழுதறதோ ஏதோ ஒரு வேலை கைல இருக்கு. நம்ம பாடங்கள்ல பசங்க கைக்கு நாம எதையுமே குடுக்கறதில்ல, கேளு, குறிச்சுக்கோ, எழுதுன்னுதான் விட்டிருக்கோம். ஆனா நம்மகிட்ட எவ்வளவு இருக்கு! கல்வெட்டு, கடிதம், பழைய பத்திரிகை, பாட்டு, பாட்டி. மூலத்த அவங்க கைல குடுத்துட்டு, அவங்க அத தடவி பாத்து ஏதாவது சொன்ன பிறகுதான் நான் வாய தொறக்கணும்னு முடிவு பண்ணேன்.

முதல்ல எடுத்தது உத்திரமேரூர் கல்வெட்டு. காஞ்சிபுரம் மாவட்டத்துல வைகுண்டப்பெருமாள் கோயில் சுவர்ல இருக்கற முதல் பராந்தகன் காலத்து சாசனம், 919லயும் 921லயும் ரெண்டு. குடவோலை முறைன்னு ஸ்கூல்லருந்தே எல்லாரும் மனப்பாடம் பண்ணது, "பழங்கால ஜனநாயகம்"னு ஒரு வரில முடிச்சிருவாங்க. நான் 921 கல்வெட்டுல தகுதி சொல்ற பகுதிய மட்டும் எடுத்து, கஷ்டமான சொல்லுக்கு பக்கத்துல அர்த்தம் போட்டு, ஒரு பக்கமா டைப் பண்ணி அனுப்புனேன். கேள்வி ஒண்ணே ஒண்ணு: இந்த கல்வெட்டுப்படி உங்க வீட்ல யார் பேர ஓலைல எழுதி குடத்துல போடலாம்? வீட்ல இருக்கற எல்லார் வயசையும் எழுதி, ஒவ்வொருத்தரா பாத்து, யார் எந்த வரில விழுந்தாங்கன்னு ரெண்டு நாள்ல சொல்லணும். வயசு 35க்கு மேல 70க்குள்ள இருக்கணும், கால் வேலிக்கு மேல வரி கட்டற நிலம் வேணும், சொந்த மனைல வீடு வேணும், வேதம் தெரிஞ்சிருக்கணும், போன மூணு வருஷத்துக்குள்ள வாரியத்துல, அதாவது ஊர்ச் சபையோட குழுவுல இருந்திருக்கக் கூடாது, வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாதவனும் அவனோட சொந்தக்காரங்களும் நிக்க முடியாது.

அந்த வாரம் எனக்கு வந்த பதில்கள நெனச்சா இப்பவும் சந்தோஷமா இருக்கு. ஒரு பையன் கால் வேலின்னா எவ்வளவுன்னு அவங்க தாத்தாகிட்ட கேட்டிருக்கான், தஞ்சாவூர் பக்கம், ஒரு வேலி ஆறரை ஏக்கர் சொச்சம்னு அவர் கணக்கு சொல்லியிருக்கார், "மேம் நிலம் ஓகே, வயசும் ஓகே, வேதத்துல அடி வாங்கிட்டாரு"ன்னு எழுதினான். ஒரு பொண்ணு இன்னும் கூர்ந்து படிச்சிருந்துச்சு, அரைக்கால் வேலி இருந்தா கூட ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (விளக்க உரை) தெரிஞ்சா போதும்னு ஒரு விலக்கு இருக்கே மேம், அப்ப படிப்பு நிலத்த ஈடு கட்டுதா, ஏழை பிராமணருக்கு வழி விடறாங்களான்னு கேட்டுச்சு. கெஸ்ட் லெக்சரரா இருந்த பன்னெண்டு வருஷத்துல நானே அந்த வரிய பரீட்சைக்கு வேண்டாததுன்னு தாண்டி போயிருக்கேன். இன்னொரு பொண்ணு எழுதினது, "எங்க அம்மா வார்டு மெம்பர் மேம். இந்த கல்லுல அவங்கள எந்த வரியும் தள்ளல, ஏன்னா பொம்பளைங்கங்கிற பேச்சே இல்ல." அந்த லைவ் கிளாஸ்க்கு 58 பேர் வந்தாங்க. இது ஜனநாயகமா இல்லையான்னு நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கல, அவங்களே அடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தன், இது சதுர்வேதிமங்கலம்ங்கற பிராமணர் ஊரோட சபை, பக்கத்து ஊர்ல இருந்த உழவனுக்கு இதுல என்ன இருக்குன்னான். இன்னொருத்தன், கணக்கு காட்டாதவனோட சொந்தக்காரன் கூட நிக்கக் கூடாதுங்கற சட்டம் இன்னிக்கு வேணும்னான். ரெண்டுமே அதே சுவர்ல இருக்கு. புக்ல இருக்கற அந்த ஒரு வரிய விட எவ்வளவு பெருசு பாருங்க இந்த வரலாறு.

இப்ப நடைமுறை விஷயங்கள சொல்றேன், ஏன்னா ஐடியா நல்லா இருந்தாலும் சின்ன சின்னதுல கவுந்துரும். லைவ் கிளாஸ ராத்திரி எட்டரைக்கு மாத்துனேன், நாப்பது நிமிஷத்துக்கு மேல ஒரு நிமிஷம் போறதில்ல. அட்டண்டன்ஸ் கூப்பிடறத நிறுத்திட்டு, உள்ள வந்ததும் அன்னிக்கு மூலத்த பத்தி ஒரு வரி சாட்ல போடுங்க, அதுதான் வருகைன்னு வச்சேன். யுனிவர்சிட்டில கேட்டப்போ சாட்ட சேவ் பண்ணி குடுத்தேன், ஏத்துக்கிட்டாங்க. கிளாஸ சின்ன சின்ன குழுவா பிரேக்அவுட் ரூம்ல பிரிச்சு விடறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், "டிஸ்கஸ் பண்ணுங்க"ன்னு சொல்லி அனுப்புனா எட்டு பேரும் மைக்க ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருப்பாங்க, நான் உள்ள போய் பாத்திருக்கேன், மயான அமைதி. ரூமுக்கு நாலு பேருக்கு மேல போடாதீங்க. நாலு பேருக்கும் வேலைய பிரிச்சு குடுங்க, ஒருத்தர் மூலத்த சத்தமா படிக்கணும், ஒருத்தர் புரியாத சொல்ல குறிக்கணும், ஒருத்தர் எதிர்க்கேள்வி போடணும், ஒருத்தர் வெளிய வந்து சொல்லணும். எட்டு நிமிஷம். வெளிய வரும்போது ஒரே ஒரு வாக்கியத்தோட வரணும். இந்த "ஒரு வாக்கியம்" ரொம்ப முக்கியம், அது இருந்தாத்தான் உள்ள பேச்சு நடக்கும்.

வீடியோவ விட்டுட்டு ஆடியோவுக்கு வந்துட்டேன். பத்து பன்னெண்டு நிமிஷம், போன்லயே ரெக்கார்ட் பண்ணி வாய்ஸ் மெசேஜா அனுப்புனா வீடியோவுக்கு முன்னாடி டேட்டா ஒண்ணுமே இல்ல. பனியன் கம்பெனி பொண்ணு பஸ்ல வரும்போது கேட்டுட்டே வரும். எக்கோ வராம இருக்க எனக்கு கெடைச்ச வழி, பீரோ கதவ முழுசா தொறந்து வச்சு துணிமணிக்கு நேரா உக்காந்து பேசறது, 4,200 ரூபா மைக்க விட அது நல்லா இருந்துச்சு. வணக்கம், இன்றைய பாடம்னு ஆரம்பிக்காதீங்க, நேரா பொருள்லருந்து ஆரம்பிங்க, "உங்க கைல இருக்கற பக்கத்துல நாலாவது வரிய பாருங்க"ன்னு. படம் தேவைன்னா தனியா அனுப்புங்க, 200 கேபிக்குள்ள சுருக்கி.

நோட்ஸ் விஷயத்துல ஒரு அசிங்கமான அனுபவம். பழைய நோட்ஸ் எல்லாம் பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சது, அப்படியே வேர்ட் ஃபைலா ஏத்திட்டேன். என் கம்ப்யூட்டர்ல அழகா தெரியுது, பசங்க போன்ல திறந்தா பூரா இங்கிலீஷ் எழுத்தா கிறுக்கல். ரெண்டு மாசம் ஒருத்தர் கூட சொல்லல, நம்ம போன்லதான் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டாங்களாம். அதே மாதிரி புத்தகத்த போட்டோ எடுத்து பிடிஎஃப் ஆக்கி போட்டதும் தப்பு. கண்ணு தெரியாத ஸ்டூடண்ட்ஸ் ரெண்டு பேர் என் கிளாஸ்ல இருந்தாங்க, தமிழ், வரலாறு படிப்புல அவங்க நிறையவே சேருவாங்க. அவங்க போன் படிச்சு சொல்ற சாஃப்ட்வேர்ல அந்த பிடிஎஃப் வெறும் படம், ஒரு எழுத்து கூட வராது. ஒரு தம்பி சொன்னான், "ஃப்ரெண்டு ஒருத்தன் ஞாயித்துக்கெழமை வந்து படிச்சு காட்டுவான் மேம், அவனுக்கு வேலை இருந்தா அந்த வாரம் இல்ல." எனக்கு அத கேட்டு கூனிக்குறுகி போச்சு. பாமினில இருந்த எல்லாத்தையும் எந்த போன்லயும் தெரியற யூனிகோடுக்கு மாத்துனேன், கன்வர்ட்டர்ல போட்டா பத்து நிமிஷ வேலை, கிரந்த எழுத்து மட்டும் அங்கங்க உடையும், அத கையால சரி பண்ணணும். ஆடியோ வந்த பிறகு அந்தத் தம்பிதான் முதல் ஆளா பதில் அனுப்புவான்.

வாட்ஸ்அப் குரூப்ல இன்னொரு பிரச்சனை, இத பொம்பளப் பிள்ளைங்க இருக்கற எந்த கிளாஸுக்கும் சொல்லுவேன். 137 பேர ஒரே குரூப்ல போட்டுட்டேன், எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரிஞ்சுது. மூணே வாரத்துல ஒரு பொண்ணு அழுதுட்டே போன் பண்ணுச்சு, யாரோ ராத்திரி ராத்திரி மெசேஜ் அனுப்பறாங்க, வீட்ல தெரிஞ்சா படிப்ப நிறுத்திருவாங்கன்னு. அந்தப் பையன கூப்பிட்டு பேசி நிறுத்தியாச்சு, ஆனா அந்தப் பொண்ணுக்கு அந்த பயம் என்னாலதான வந்துச்சு. இப்ப டெலிகிராம்தான், முதல் நாளே நம்பர மறைக்கற செட்டிங்க ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக்குடுத்துட்டு, மறைச்சாச்சுன்னு சொன்ன பிறகுதான் குரூப்ல சேக்கறேன்.

அசைன்மென்ட்டுக்கு வருவோம். "பக்தி இயக்கத்தின் தாக்கத்தை விவரிக்க"ன்னு குடுத்தேன், 27 பேரோட முதல் வாக்கியம் அச்சு அசலா ஒண்ணு, ஏஐகிட்ட கேட்டு ஒட்டினது. கோவப்பட்டு பூஜ்யம் போடலாம்னுதான் உக்காந்தேன். ஆனா கேள்வி அப்படி, யார் எழுதினாலும் ஒரே பதில்தான் வரும். அதனால கேள்விய மாத்துனேன், மூணு நிமிஷ வாய்மொழி வச்சேன், அவங்க எழுதினதுல ஒரு வரிய நானே படிச்சு காட்டி "இத ஏன் சொன்னீங்க"ன்னு ஒரே கேள்வி. 137 பேருக்கு மூணு மூணு நிமிஷம்னா ஏழு மணி நேரம் கிட்ட ஆகுது, ஆறு நாள் ராத்திரில பிரிச்சு முடிச்சேன், தொண்டை கட்டிருச்சு. கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா பேப்பர் திருத்தறத விட குறைஞ்ச நேரம், அதோட ஒவ்வொருத்தர் குரலும் எனக்கு தெரிஞ்சு போச்சு. பக்கம் பக்கமா எழுதி ஒட்டின ஒரு பையன் வாய்மொழில, "மேம் அது நான் எழுதல, ஆனா எங்க ஊர்ல மார்கழில திருப்பாவை பாடுவாங்க, அத பத்தி சொல்லவா"ன்னான். சொல்லுன்னேன், நல்லா சொன்னான், மார்க் போட்டேன்.

எல்லாத்துலயும் எனக்கு மனசுக்கு ரொம்ப கிட்ட இருக்கறது தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் சேவைக்காக கோயில் பக்கத்துல குடிவச்ச பெண்கள பத்தின பாடம். தஞ்சாவூர் பெரிய கோயில் திருச்சுற்று சுவர்ல ராஜராஜன் வெட்டி வச்ச ஒரு நீளமான கல்வெட்டு இருக்கு, 1014 வாக்குல உள்ளது. சோழநாட்டுல இருந்த மத்த கோயில்கள்லருந்து 400 பெண்கள கூட்டிட்டு வந்து கோயில சுத்தி தெருவுல குடிவச்சு, ஆளுக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல்லு பங்கு. எந்தத் தெரு, தெருவோட எந்தச் சிறகு (பக்க வரிசை), எத்தனாவது வீடு, அவ பேரு என்ன, எந்த ஊர் கோயில்லருந்து வந்தான்னு ஒவ்வொருத்தருக்கும் எழுதியிருக்கு. தென்னிந்திய கல்வெட்டுகள் ரெண்டாம் தொகுதில முழுசா அச்சாகியிருக்கு. 137 பேருக்கு ஆளுக்கு மூணு பேர்னு பிரிச்சா கிட்டத்தட்ட 400 பேரும் வந்துருவாங்க! ஒவ்வொருத்தரும் தன்னோட மூணு பெண்களோட பேர படிக்கணும், அவங்க வந்த ஊர் இன்னிக்கு எங்க இருக்குன்னு தேடி கூகுள் மேப்ல எல்லாருக்கும் பொதுவா ஒரு மேப்ல புள்ளி வைக்கணும். மூணு நாள்ல அந்த மேப் நிறைய ஆரம்பிச்சுது. திருவாரூர்ல குவியுது, பழையாறைல குவியுது, திருவையாறு, நாகப்பட்டினம்னு. சில ஊர் கிடைக்கவே இல்ல, அத தனியா ஒரு லிஸ்ட் போட்டோம்.

எல்லாப் பேருக்கும் முன்னாடி நக்கன்னு இருக்கே, அது வீட்டுப் பேரான்னு கேட்டாங்க. அங்கருந்து பேச்சு ஆரம்பிச்சு, திருவாரூர்லருந்து படிக்கற ஒரு பொண்ணு அதுவரைக்கும் வாயே தொறக்காதது, மைக்க ஆன் பண்ணி, "மேம், எங்க ஊர்லருந்து இத்தனை பேர் போயிருக்காங்க. இவங்கள கேட்டு கூட்டிட்டு போனாங்களா மேம்? அவங்க அம்மா கூட போனாங்களா?"ன்னு கேட்டுச்சு. கல்வெட்டு அத சொல்லலம்மான்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல. ஆனா அந்த அமைதி முன்னாடி இருந்த அமைதி மாதிரி இல்ல, எல்லாரும் அங்கதான் இருந்தாங்கன்னு எனக்கு தெரிஞ்சுது. அப்புறம் நெல்லு அளந்து குடுத்தத பத்தி கல்லு இவ்வளவு துல்லியமா சொல்லுது, அவங்க விருப்பத்த பத்தி ஏன் சொல்லல, கல்வெட்ட வெட்ட சொன்னது யாரு, யாருக்காக வெட்டினதுன்னு போச்சு பேச்சு. மூலத்த எப்படி சந்தேகத்தோட படிக்கறதுன்னு நான் 40 நிமிஷம் லெக்சர் எடுத்திருந்தாலும் அது வந்திருக்காது.

எல்லாம் நல்லா போச்சுன்னு சொல்லல. வாய்மொழி வரலாறுன்னு ஒண்ணு குடுத்தேன், தாத்தா பாட்டிகிட்ட வாழ்க்கை வரலாறு கேட்டு பதிவு பண்ணுங்கன்னு. பாதி பேர் "நல்லா இருந்தோம், கஷ்டப்பட்டோம்"னு ரெண்டு வரியோட வந்தாங்க. அவ்வளவு பெரிய கேள்விக்கு பாட்டி என்ன சொல்லுவாங்க பாவம். அடுத்த தடவை "உங்க வீட்டுக்கு முதல் தடவையா கரண்ட் வந்த நாள்"னு ஒரே ஒரு நாள கேக்க சொன்னேன், கொட்டிருச்சு. ஆனா ஒரு பையன் பாட்டிய பேச வச்சு, அந்தப் பேச்சு எங்கயோ போயி, சின்ன வயசுல செத்துப்போன ஒரு குழந்தைய பத்தி அவங்க அழுதுட்டாங்க, அத அப்படியே குரூப்ல போட்டுட்டான். குடும்பத்துல பெரிய மனஸ்தாபம் ஆயிருச்சு, நான் போன்ல அவங்க அப்பாகிட்ட மன்னிப்பு கேட்டேன். பதிவு பண்ணினத முதல்ல பேசினவங்களுக்கே போட்டு காட்டணும், அவங்க சரின்னு சொன்ன துண்டு மட்டும்தான் வெளிய வரணும், அதுவும் எனக்கு மட்டும், குரூப்புக்கு இல்ல. இத நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்.

கடைசியா அந்த கான்ட்ராக்ட். செமஸ்டர் முடிஞ்சதும் மொத்தம் 28 லைவ் கிளாஸுக்கு 21,000 ரூபாய் வந்துச்சு. வீடியோவுக்கு தனியா எதுவும் இல்ல. அடுத்த செமஸ்டர் என்னை கூப்பிடல, என் 22 வீடியோவையும் வச்சு வேற ஒருத்தர போட்டு கோர்ஸ் ஓடிட்டிருக்குன்னு பழைய ஸ்டூடண்ட் ஒருத்தன் சொல்லித்தான் தெரிஞ்சுது. போய் கேட்டப்போ கையெழுத்து போட்ட தாள்ல "தயாரிக்கப்படும் அனைத்துப் பொருள்களும் நிறுவனத்திற்கே உரியவை"ன்னு இருக்கறத காட்டினாங்க. நான் படிக்காம கையெழுத்து போட்டிருக்கேன். எனக்கு அந்த வீடியோ மேல இப்ப பெரிய மதிப்பு இல்லன்னாலும் வலிச்சுது. தயவுசெஞ்சு ஒவ்வொரு வரியும் படிங்க. ரெக்கார்டிங்குக்கு மணி நேரம் கணக்குல வருமா, கருவிக்கு காசு யாரு, அடுத்த வருஷம் திரும்ப போட்டா எனக்கு என்னன்னு மூணு கேள்வி எழுத்துல கேளுங்க, மெயில்ல கேட்டா பதிலும் மெயில்ல வரும். கூச்சப்பட்டு நான் கேக்கல, 50,000 ரூபாய் கைல இருந்து போச்சு.

கேமராவ பங்குனி மாசம் 22,000க்கு வித்து ஒரு வளையல மீட்டுட்டேன், இன்னொண்ணு இன்னும் பேங்க்ல இருக்கு. இப்ப வேற ஒரு இடத்துல அதே பேப்பர், தாள முழுசா படிச்சுட்டுதான் கையெழுத்து போட்டேன், ஒரு வரிய மாத்தவும் வச்சேன். வர்ற திங்கள்கிழமை முதல் கிளாஸ், இந்த தடவை 64 பேர். போன் போட்டு பேசற வேலை போயிட்டிருக்கு, இன்னும் 19 பேர் பாக்கி. நேத்து பேசின ஒரு பையன் செங்கம் பக்கம், எங்க ஊர் ஏரிக்கரைல ஆயுதத்தோட ஒரு ஆள் உருவம் செதுக்கின கல்லு சாஞ்சு கெடக்கு மேம், அதுல எழுத்து கூட இருக்கு, அது பாடத்துல வருமான்னு கேட்டான். போட்டோ எடுத்து அனுப்புப்பா, சாயங்கால வெயில் பக்கவாட்டுல விழும்போது எடு, எழுத்து நல்லா தெரியும்னு சொல்லியிருக்கேன்.